மாரிப் பாட்டும் சூறாவளி நினைவும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மழைநாளில் நீங்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு எது என்று உயர்தர வகுப்பு மாணவர்களிடம் கேட்டால் விடை உடனே வரும். பெரும்பாலும் அது திரைப்பாட்டாகவே இருக்கும். 1986 இல் வெளிவந்த 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' ஆகிய இரு படங்களின் மழைப்பாட்டுக்களை, தாய்மாரிடம் கேட்டுப் பழகியோ என்னவோ, இன்றைய பிள்ளைகளும் சொல்லக் கேட்கிறேன். இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டிலும் மழையில் நனைந்தாடுபவர் நடிகை ரேவதி. சங்கீதம் பயிலும் பிள்ளைகள் அமிர்தவர்ஷினி இராகத்தைச் சொல்வார்கள். எட்டயபுரத்து வறட்சி கண்டு முத்துசுவாமி தீட்சிதர் அந்த இராகத்திலே பாட, மழை கொட்டியது என்பது கர்ணபரம்பரைக் கதை. அதே இராகத்தில் இளையராஜா அமைத்த பாட்டொன்று 1988 இல் வந்த படமொன்றில் உண்டு. படத்தின் பெயர்தான் வேடிக்கை: 'அக்னி நட்சத்திரம்'.

இவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. மழை என்றதும் பாட வேண்டும் என்று தோன்றுவது மனித இயல்பு. ஆயினும் கிழக்கு மாகாணத்திலே கார்த்திகை மாதத்து மழைக்கு இன்னொரு முகம் உண்டு. பாடசாலைத் தமிழ் மன்றத்தார் ஒருமுறை 'மாரிப் பாடல்கள்' என்றொரு நிகழ்ச்சியை ஒழுங்கு செய்ய முனைந்து, அதற்குக் குறித்த நாள் நவம்பர் 23 என்பதை அறிந்த பெற்றார் ஒருவர், "அந்த நாளிலயா மழைக்குப் பாட்டுப் படிக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவர் கோபித்துக் கேட்கவில்லை. அதனால்தான் அக்கேள்விக்கு விடை தேடவேண்டியிருந்தது. இன்றைய பேச்சு அந்தத் தேட்டத்தின் பயன்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. அன்றிரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி நாட்டை ஊடறுத்துச் சென்று, மறுநாள் மன்னார்க் குடாவைக் கடந்து இராமநாதபுரக் கரையில் ஏறியது. இறந்தோர் தொகை 915 என்று பதிவுகள் கூறுகின்றன. ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். சேதமுற்ற வீடுகள் 2½ இலட்சத்தை அண்மித்தன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையிலே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது ஏறத்தாழ 28,000 ஏக்கர், ஓரிரவில் அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது சிதைந்தன. நான் பிறந்தது அதற்குப் பின்னர். ஆனால் எங்கள் பகுதியிலே பிள்ளைகளின் வயதைக் கூடச் 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி' என்று கணக்கிட்ட காலத்தில் வளர்ந்தவன்.

அத்தகைய ஊரில் மழைப்பாட்டு எப்படிப் பொருந்தும்?

முதலில் திருக்குறளைப் பார்ப்போம். வான்சிறப்பு அதிகாரத்திலே ஒரு குறள், ஆளைக் கெடுப்பதும் மழை, கெட்டவனைக் கைதூக்கி விடுவதும் மழை என்ற கருத்தைச் சொல்கிறது. மழை எப்படிக் கெடுக்கும்? பரிமேலழகர், பெய்யாது நின்று கெடுக்கும் என்று உரை விரித்தார். அதிகாரத்தின் ஏனைய குறள்கள் எல்லாம் மழையின் இன்றியமையாமையைப் பேசுவதால் அந்த உரை பொருத்தமானதே. ஆனால் படுவான்கரை வேளாண்மைக்காரர் ஒருவரிடம் இக்குறளைச் சொல்லிப் பாருங்கள். பெய்யாமலும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும் என்று அவர் உரையாசிரியரைத் திருத்துவார். மூலத்திலே எப்படிக் கெடுக்கும் என்று வள்ளுவர் வரையறை செய்யவில்லை. அந்த இடத்தை அவர் வெறுமையாகவே விட்டிருக்கிறார். எனவே வேளாண்மைக்காரரின் உரைக்கும் அங்கே இடமுண்டு என்பது என் எண்ணம்.

ஆண்டாள் இவ்வகையில் மிக எச்சரிக்கையானவர். மார்கழி நோன்பின் பயனைச் சொல்லும் திருப்பாவையின் மூன்றாம் பாட்டிலே, மாதம் மும்மாரி பெய்ய வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டு நிறுத்தவில்லை. நாட்டுக்குத் தீங்கு நேராதபடி பெய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் முன்வைக்கிறார். அடுத்த பாட்டிலே மழைக்குரிய தெய்வத்தை நேரே அழைத்து, கடலுட் புகுந்து நீரை முகந்து, திருமாலின் மேனிபோலக் கறுத்து, சக்கரம்போல் மின்னி, சங்குபோல் அதிர்ந்து பெய் என்கிறார். பெய்யும் மழைக்கு அவர் சொன்ன உவமை வில்லிலிருந்து புறப்படும் அம்பு மழை. போர்க்களத்து உவமை அது. அம்பு என்று வாயிலிருந்து வந்த மறுகணமே, உலகத்தார் வாழ்வதற்காகப் பெய் என்று சேர்த்துவிடுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணுக்கு மழையின் இரண்டு முகமும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பாடியிருக்கிறார்.

இன்னும் வெளிப்படையாகப் பேசுபவர் சுந்தரமூர்த்தி நாயனார். நந்தனாருக்காக நந்தி விலகிய தலமென்று நாமெல்லாம் அறிந்த திருப்புன்கூரைப் பாடுகையில் அவர் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார். உலகமெங்கும் மழை மறந்துபோயிற்று. வயலில் நீரில்லை. எங்களைக் காப்பாற்றினால் உமக்கு நிலம் தருவோம் என்று ஊரார் சிவபெருமானிடம் நேர்ந்துகொண்டனர். முகில் பரந்தது, மழை பெய்தது. பெய்த மழை நிற்கவில்லை. பெருவெள்ளமாயிற்று. இப்போது வெள்ளத்தை நிறுத்தும்படி வேண்ட, இறைவன் அதையும் நிறுத்தி, அதற்காக மீண்டும் பன்னிரு வேலி நிலம் பெற்றுக்கொண்டாராம்! பெய்ததற்கு ஒரு கட்டணம், நின்றதற்கு இன்னொரு கட்டணம். தம்பிரான் தோழர் அல்லவா, இறைவனின் கணக்கை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத அவருக்கு உரிமையுண்டு. ஆனால் சிரிப்புக்குள்ளே ஓர் உழவூரின் அச்சம் முழுமையாக இருக்கிறது. வறட்சியைச் சொன்ன பாட்டே வெள்ளத்தையும் சொல்கிறது.

இலங்கைக்கு நேராகத் தொடர்புடைய சான்றும் இருக்கிறது. சிலப்பதிகாரத்து உரைபெறு கட்டுரையை வாசித்தவர்கள் அறிவார்கள். கண்ணகி மதுரையை எரித்த பின் பாண்டி நாட்டிலே மழை பொய்த்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளுக்கு விழாவெடுத்துச் சாந்தி செய்ய மழை வந்தது. அதைக் கேள்வியுற்ற இலங்கை மன்னன் கயவாகுவும் அவளுக்குக் கோட்டம் அமைத்து விழா எடுத்தான், அவன் நாட்டிலும் மழை பொய்க்காதாயிற்று என்று அந்தக் கட்டுரை கூறுகிறது. தீயால் அழித்தவளிடம் நீரைக் கேட்பது! கிழக்கிலே வைகாசி மாதந்தோறும் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதும், மழை வேண்டி மழைக்காவியம் பாடுவதும் அந்தப் பழைய நினைவின் தொடர்ச்சியே. அழிவு செய்யக்கூடியவள் என்று அறிந்தே அவளைத் தாயே என்று அழைக்கிறார்கள். மழையைப் பற்றிய நமது மனப்பான்மைக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் வேறில்லை எனலாம்.

முக்கூடற்பள்ளிலே ஆற்றில் வெள்ளம் வரும் குறி சொல்லும் பாட்டை நேயர்கள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பீர்கள். மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னுவதைக் கண்டு, நாளை வெள்ளம் வரும் என்று அந்தப் பள்ளர் மகிழ்கிறார். பொருநைக்கரையில் நின்றவருக்கு ஈழத்து மின்னல் நல்ல குறி. அந்த மின்னலுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது எப்படியிருந்தது என்று பள்ளு சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அதற்கில்லை.

இனிப் பாரதியாருக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிக நெருங்கிய பகுதி இதுதான்.

மழையைப் பற்றிப் பாரதி பாடிய பாட்டு ஒன்றை மேடைகளிலே தாளம்போட்டுப் பாடக் கேட்டிருப்பீர்கள். எட்டுத் திசையும் சிதறும்படி இடியும் காற்றும் ஆடுகிற ஆனந்தக் கூத்து அது. அதே பாரதி, புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் ஒரு கொடும்புயலைக் கண்ணெதிரே கண்டார். 'புயற்காற்று' என்ற பாட்டின் தலைப்பிலேயே நாளைக் குறித்திருக்கிறார்: நள வருடம், கார்த்திகை 8, புதன் இரவு. அதாவது 1916 நவம்பர். நமது சூறாவளி அடித்ததும் அதே கார்த்திகையின் ஏறத்தாழ அதே நாளில், 62 ஆண்டுகளுக்குப் பின்னர். வங்கக் கடலின் அக்கரையில் ஒன்று, இக்கரையில் ஒன்று.

ஒரு கணவனும் மனைவியும் இருளிலே பேசிக்கொள்வதாக அந்தப் பாட்டு அமைந்திருக்கிறது. மழையோடு ஆடிய பாரதியை இங்கே காணமுடியாது. காற்றையும் கடலையும் பற்றிய அச்சம், கதவையும் சாளரத்தையும் துளைத்து அடிக்கிற தூற்றல், குழந்தைகள் துன்பப்படக்கூடாதே என்ற வேண்டுதல், இவைதான் பேச்சு. முடிவிலே, நேற்று வரை நாம் அந்த வீட்டிலே இருந்தோமே, இந்நேரம் அங்கிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறார்கள். வீடு மாறியதால் தப்பினார்கள்.

இந்தப் பாட்டை வகுப்பிலே நடத்தும்போது அந்த இறுதிப் பகுதியில் என் குரல் சற்றுத் தயங்கும். எங்கள் பெரியம்மா குடும்பத்துக்கு நடந்தது இதன் மறுதலை. சூறாவளியின் நடுப்பகுதி, கண் என்று சொல்கிறார்களே, அது ஓரிடத்தைக் கடக்கும்போது காற்று ஓய்ந்துவிடும். ஓய்ந்துவிட்டது என்று மக்கள் வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். அந்த இடைவேளையிலே பெரியம்மா, தமது கிடுகு வீட்டில் இருப்பது ஆபத்தென்று, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அயலிலிருந்த கல்வீட்டுக்குப் போனார். இரண்டாவது காற்றிலே கல்வீட்டுச் சுவர் விழுந்தது. விட்டுவந்த கிடுகு வீடு, கூரை பறந்து, கம்புகளோடு விடிய நின்றதாம். குழந்தைக்கு ஒன்றரை வயது.

பெரியம்மாவுக்குத் திருவெம்பாவை இருபது பாட்டும் மனப்பாடம். சூறாவளிக்குப் பின் ஆறேழு வாரத்தில் திருவெம்பாவைக் காலம் வந்தது. கூரையில்லாத பிள்ளையார் கோயிலில், வானம் தெரிய நின்று பாடினார்கள் என்று அம்மா சொல்வார். பதினாறாவது பாட்டு மழையை அழைக்கும் பாட்டு. கடலைச் சுருக்கி மேலெழுந்த முகில், உமையம்மையின் திருமேனிபோற் கறுத்து, அவள் இடைபோல் மின்னி, சிலம்புபோல் ஒலித்து, புருவம்போல் வில்லிட்டு, அவள் அருள்போலப் பொழிய வேண்டும் என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். அந்தப் பாட்டு வந்ததும் பெரியம்மா வாயை மூடிக்கொண்டார். பதினேழாவதில் மீண்டும் சேர்ந்துகொண்டார். அதன்பின் ஒவ்வொரு மார்கழியும் அப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆனால் எங்களுக்குத் திருவெம்பாவை சொல்லித் தந்தவரும் அவர்தான். பதினாறாவதைப் பாடிக் காட்டாமல், சொல் சொல்லாகப் பிரித்து, பொருள் சொல்லி, எங்களைப் பாடவைப்பார். சிறுவனாக இருந்தபோது நான், "நீங்க ஏன் பெரியம்மா இதப் படிக்கிறதில்ல?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னைக் கண்ணால் அதட்டினார். பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு ஏலாது மனே. நீங்க படிங்க. மழ இல்லாட்டி வேளாண்ம என்ன செய்யும்?"

மட்டக்களப்பிலே வேளாண்மை என்றால் நெற்பயிர். பெரும்போக வயல் மாரியை நம்பி விதைக்கப்படுவது. தன் குழந்தையைக் கொன்ற மழை என்று அவர் மாரியைச் சபித்ததை நான் கேட்டதில்லை. தன்னால் பாட முடியாத பாட்டு ஊரிலே இல்லாமற் போகக்கூடாது என்று அவர் நினைத்தார். மழை வேண்டி ஓதப்படும் தேவாரப் பதிகங்கள் மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்தவை. அப்பண்ணை ஓதுவார்கள் இன்று நீலாம்பரி இராகத்திலே பாடுகிறார்கள். நீலாம்பரி தாலாட்டின் இராகமும் ஆகும். சங்கீதம் கற்ற பின்னரே இது எனக்குத் தெரிந்தது. அப்போது பெரியம்மா உயிருடன் இல்லை.

பெற்றாரின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுதான்: நாளை மாற்றவில்லை, பாட்டுக்களின் வரிசையை மாற்றினோம். திருப்புன்கூர்ப் பாட்டை முதலில் வைத்தோம். திரைப்பாட்டுக்களை இன்னொரு நாளுக்கு ஒதுக்கினோம், பிள்ளைகள் சற்று முணுமுணுத்தார்கள். கேள்வி கேட்டவரும் வந்திருந்தார்.

பாரதியாருக்கு மீண்டும் ஒருதரம். அந்தப் புயலுக்குப் பின்னர் அவர் 'பிழைத்த தென்னந்தோப்பு' என்றொரு பாட்டு எழுதினார். தனியே ஆறுதல் தேடி வயற்பக்கம் போகிறார். விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அவற்றினிடையே ஒரு சிறிய திட்டில், ஏழை ஒருவனுக்குச் சொந்தமான சின்னத் தென்னந்தோப்பு மட்டும் காற்றுக்குத் தப்பி நிற்கிறது. வேறு கவிஞராயிருந்தால் விழுந்த மரங்களைப் பற்றி நூறு அடி புலம்பியிருப்பார். பாரதியின் கண் நின்ற மரங்களிற் போய் நிற்கிறது, அதிலும் அவை யாருடையவை என்று பார்க்கிறது. 28,000 ஏக்கர் தென்னை விழுந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைவிட அவசியமான பாடம் எதுவென்று எனக்குத் தோன்றவில்லை.

நினைவுகூர்தல் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி இந்நாட்டிலே 30,000 க்கும் அதிகமானோரைக் கொண்டுபோயிற்று. அதுவும் ஒரு திருவெம்பாவைக் காலம், பௌர்ணமி நாள். ஆண்டுதோறும் அந்நாளிலே காலை 9.25 முதல் 9.27 வரை நாடு மௌனம் காக்கிறது. அது உரிய மரியாதையே. 1978 க்கு அவ்வாறு நாடளாவிய மௌனம் வாய்க்கவில்லை. மௌனம் இறந்தோரை எல்லோரையும் ஒன்றாக வணங்குகிறது. பாட்டு அப்படியன்று, ஊர் ஊராக, ஆள் ஆளாகச் சொல்லும். முன்னாளிலே தமிழகத்தில் பெருவெள்ளம், புயல், தீவிபத்து எது நடந்தாலும் சில வாரங்களில் வெள்ளச்சிந்து, புயற்கும்மி என்று சிறு பிரசுரங்கள் அச்சாகிச் சந்தையிலே விற்கும். எந்தத் தெருவில் எந்த வீடு விழுந்தது, யார் எந்த மரத்தைப் பிடித்துத் தப்பினார் என்பது வரை அவற்றிலே இருக்கும். பண்டிதர்கள் அவற்றை இலக்கியமாக மதித்ததில்லை. யாப்புப் பிழை மலிந்தவை என்பது உண்மைதான். ஆனால் அரசாங்க அறிக்கையில் இல்லாத பெயர்கள் அவற்றிலேதான் இருந்தன.

நமது கிழக்கிலும் அச்சேறாத அத்தகைய பாட்டுக்கள் வாய்மொழியாக உலவின. கேட்டவர்கள் சொல்கிறார்கள். பாடக்கூடியவர்கள் இப்போது எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். சென்ற ஆண்டு என் மாணவர் நால்வர் கொப்பியும் பேனையுமாக அயற்கிராமத்து முதியவர் ஒருவரிடம் சென்றனர். அவர் வயலிலே கூலிவேலை செய்தவர். சூறாவளிக்கு அடுத்த ஆண்டு அருவிவெட்டின்போது பாடிய கும்மி என்று ஒன்றைத் தொடங்கினார். முதற் பகுதி தடையின்றி வந்தது: காற்றடித்த திசை, குளக்கட்டு, சாய்ந்த ஆலமரம். பின்னர் இறந்தவர்களின் பெயர்கள் வீட்டு ஒழுங்கின்படி வரத் தொடங்கின. ஆறாவது பெயரில் நின்றுவிட்டார். நெற்றியைத் தடவினார். மெட்டை மட்டும் இரண்டு தரம் முனகிப் பார்த்தார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, சுளகை வைக்காமலே, அடுத்த மூன்று பெயர்களையும் அந்த மெட்டிலேயே எடுத்துக் கொடுத்தார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒன்பதாவது பெயர் இருவருக்கும் வரவில்லை. கொப்பியிலே அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.